எதுவும் கீழே விழாத ஆடி

கெங்கையம்மன் கோயில் தெருவில் பொருள்கள் கீழே விழுவதை நிறுத்திக்கொண்ட அந்த வருஷத்தைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், முதலில் "அப்படியா, எங்களுக்கு எதுவும் தெரியாதே" என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். தெரியாது என்று சொல்வதில் அந்தத் தெரு எடுத்த பயிற்சி அப்படிப்பட்டது.

ஆரம்பித்தது ஒரு சொம்பில். ஆனி மாதத்துக் காலை ஒன்றில், பிளவுஸ் தைக்கிற இளவரசி குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, மருந்துக்கடைப் பட்டையில் இரண்டு கோடு வந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் சந்தோஷம் கிளம்பி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் பயம் ஓடி வந்து இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது, கையிலிருந்த எவர்சில்வர் சொம்பு நழுவியது, நழுவிய சொம்பு முழங்கால் உயரம் வரைக்கும் வந்து, வழியில் எதையோ மறந்துவிட்ட ஆள்போல அங்கேயே நின்றுவிட்டது. இளவரசி அதைக் காற்றிலிருந்து எடுத்தாள், முகம் கழுவினாள், சொம்பைக் கவிழ்த்து வைத்தாள், வெளியே வந்தாள். சொம்பு ஏன் நின்றது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் வயிற்றுக்குள் இருப்பது நிற்குமா என்கிற ஒரே யோசனைக்கே நாள் முழுக்கப் போதவில்லை.

ஏனென்றால் இதற்கு முன்னால் இரண்டு தடவை நிற்கவில்லை. முதல் தடவை கோடு தெரிந்த அன்றைக்கே அவள் புருஷன் தணிகைவேல், வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிறவன், தன் வண்டியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். அந்த மைசூர்பாகு டப்பா காலியாவதற்குள் கரு கலைந்தது, தின்ற வாயெல்லாம் திரும்பி வந்து ஆறுதல் சொல்லிற்று. ஆறுதல் எப்படி என்றால், எதிர்வீட்டு ஜெகதா அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பப்பாளி கிப்பாளி தின்னியாடி?" என்றாள். மூலை வீட்டு அம்மாள் கன்னத்தில் கைவைத்து, "அந்தக் கால்வாய நீ தாண்டினத நானே என் கண்ணால பார்த்தேன், அப்பவே என் வயிறு திக்குன்னுச்சு" என்றாள். டீக்கடை பாபு பாய் சொல்ல ஒன்றும் இல்லாமல் ஓசி டீ கொடுத்துவிட்டு, "வெயில்ல நின்னுச்சாப்பா அந்தப் பொண்ணு?" என்று தணிகையிடம் கேட்டார். மாமியார் நவநீதம் வெளியில் எல்லோரையும் அதட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, தையல் மெஷினைத் துணியால் மூடி, "இத மிதிச்சதாலதான்" என்று மெஷினுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்; மெஷினுக்கு மட்டும் சொன்னது இளவரசிக்கும் கேட்டது.

இரண்டாம் தடவை சொன்னது கொஞ்சம் பேருக்குத்தான். அது மூன்றாம் மாதத்தின் ஓரம் வரைக்கும் வந்தது; ஸ்கேன் அறையில், ஜில்லென்ற பசையைத் தடவிய வயிற்றோடு அவள் படுத்திருந்தபோது, டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திரும்பிய திரைதான் அதற்கப்புறம் இளவரசியின் கனவில் எல்லாம் வந்தது. ஆகவே இந்தத் தடவை, மூன்று மாதம் முடிகிறவரை வெளியில் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வீட்டில் மூவரும் முடிவெடுத்தார்கள். டாக்டர் எத்தனை சொல்லியும் ஸ்கேனுக்குப் போவதில்லை என்று இளவரசி மட்டும் தனியாக முடிவெடுத்தாள்.

சொம்புக்கு அடுத்து கத்தரிக்கோல் நின்றது. அதற்கடுத்து ஊக்கு, பொத்தான், சாக்கட்டி, பூரிக்கட்டை. பிறகு வீட்டைத் தாண்டி வெளியே போயிற்று. ஜெகதா அக்கா வீட்டுக் கொடியிலிருந்து நழுவிய பாவாடை, தரைக்கு ஒரு முழம் மேலே, யாரோ கண்ணுக்குத் தெரியாத பொம்பளை அதைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல நின்றது. ஜெகதா அக்கா அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள், வந்தது. மறுபடி கைவிட்டாள், நின்றது. முறுக்குச் சுடுகிறவளுக்குக் கணக்குப் போடத் தெரியும்: இளவரசி வீட்டுப் பக்கம் போகப் போகப் பொருள் கெட்டியாக நிற்கிறது, கோயில் முனையைத் தாண்டினால் தொப்பென்று விழுகிறது, இளவரசியோ மெஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டாள், நவநீதமோ சந்தையில் சாத்துக்குடியாகப் பொறுக்குகிறாள். ஜெகதா அக்கா பாவாடையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "எனக்கு எதுவும் தெரியாது" என்று சத்தமாகச் சொன்னாள். அதுதான் அந்தத் தெருவின் முதல் தெரியாது.

மூன்று மாதம் முடிகிறதற்கு முன்னால் வீட்டுக்காரர்களாகச் சொல்லாததை வெளியார் கேட்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், கேட்டால் கண்பட்டுவிடும். போன தடவைகளில் அந்த வழக்கத்தை மைசூர்பாகோடு சேர்த்து மென்று தின்றுவிட்ட குற்றவுணர்ச்சி தெருவுக்கு இருந்தது. எனவே இந்தத் தடவை அதைத் தெரு கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது. இளவரசி தெருவில் நடந்தால், அந்தரத்தில் நிற்கிற முருங்கைக்காய்களையும் காற்றில் மாட்டிக்கொண்ட காகிதத்தையும் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். "இன்னாம்மா இளவரசி, வெயில் ஜாஸ்தி" என்பார்கள், முகத்துக்கு நேரே நிற்கிற செருப்பை விலக்கிக்கொண்டு.

பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டுக்குத்தான் முதலில் சட்டம் தேவைப்பட்டது. தூக்கி அடித்த பந்து மேலே போய், திரும்பி வருகிற நினைப்பே இல்லாமல், கேபிள் வயருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. "சிக்ஸ்டா!" என்றது ஒரு கட்சி. "தரை தொடலடா, எப்பிடிடா சிக்ஸு?" என்றது மற்றது. "ஏணி போட்டு ஏறி எடுத்தா கேட்ச்." "ஏணிக்கு நீ எங்க போவ?" "உங்க அப்பன கேப்பேன், பெயின்ட்டர்தான?" பெயின்ட்டர் அப்பன் ஏணி தர மறுத்ததால், நிற்கிற பந்துக்கு அரை விக்கெட் என்று தீர்ப்பாயிற்று, அரை அவுட்டான பையன்கள் ஒற்றைக் காலில் நின்று பேட் செய்தார்கள்.

பெண்களின் ஏற்பாடு இதைவிட நேர்த்தியானது. காலையில் இளவரசி வாசல் தெளிக்க வருகிற நேரத்துக்கு ஜெகதா அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தோடு வருவாள். "ஊக்கு இருந்தா குடேன்" என்பாள். இளவரசி ஊக்கை நீட்டும்போது எலுமிச்சம்பழம் ஜெகதா அக்காவின் கையிலிருந்து, தானாக, தற்செயலாக, யாரும் எதிர்பாராத விதமாக நழுவும். நழுவிய பழம் இடுப்பளவில் நிற்கும். ஜெகதா அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போகும். "அட, கை வழுக்குது" என்று பழத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு போவாள், போகும் வழியில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து லேசாகத் தலையாட்டுவாள், ஒவ்வொரு ஜன்னலும் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாத்திக்கொள்ளும், அதற்கப்புறம்தான் அந்தத் தெருவில் அடுப்பு பற்றும். தணிகைவேலும் ஏமாற்றுக்காரன்தான், வேலைக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பழக்கம் புதிதாக வந்திருந்தது அவனுக்கு, போட்ட சாவி மேலேயே நின்றதும் விசிலடித்துக்கொண்டு எக்கி எடுத்துக்கொள்வான். நவநீதம் பூரிக்கட்டையைக் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் எதுக்குடி? இதவிட இன்னா ஸ்கேன் வேணும்?" என்பாள்.

இளவரசி சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். பொத்தான் நிற்கும், உயிர் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம் வரும். பாத்ரூமுக்குப் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பாள், இல்லையென்றதும் பொத்தானைப் போடுவாள். வாந்தி வந்தால் சந்தோஷம், ஒரு நாள் வாந்தி வராவிட்டால் செத்துப்போவாள். படுக்கும்போது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்வாள், தும்மல் வந்தால் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தும்முவாள், சிரிப்பதை நிறுத்தி மாதமாயிற்று, சிரித்தால் வயிறு குலுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு, வழிந்துவிடாத நிறைகுடத்தை இடுப்பில் வைத்திருப்பவள்போல நடந்தாள். அவள் இறுக இறுகத் தெருவும் இறுகிற்று.

ஆடி பிறந்ததும், போன தடவை கரு நிற்காமல் போன அந்த மூன்றாம் மாத ஓரம் கிட்டத்தில் வந்ததும், நழுவுகிறவை மட்டுமில்லாமல் ஊற்றுகிறவையும் நிற்க ஆரம்பித்தன. பாபு பாய் மேல் கிளாஸிலிருந்து கீழ் கிளாஸுக்கு டீயை ஆற்ற, டீ பாதியில் கயிறுபோல நின்றது. "நுரையில்லாத டீயா பாய்?" என்று கேட்டவர்களுக்கு, "டாக்டரு நுரை கூடாதுன்னுட்டாரு" என்றார் பாய். "யாருக்கு?" "தெருவுக்கு." தணிகைவேல் கேனைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் கேனுக்குள்ளேயே சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தது, ஆட்கள் கேனுக்கு வாய்வைத்து உறிஞ்சக் கற்றுக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் மழை வந்தது. பக்கத்துத் தெருவெல்லாம் சொட்டச் சொட்ட நனைய, கெங்கையம்மன் கோயில் தெருவில் மட்டும் அது மின்கம்பி உயரத்தில், கோத்து முடிக்காத பாசிமணித் திரைபோல நின்றது. ஜனங்கள் மாடிக்கு ஏறிப் போய்க் குடத்தை மேலே தூக்கிப் பிடித்து மழையை மொண்டு வந்தார்கள். பிறகு வந்த மழையும் அதன்மேலேயே தங்கியது. பகலில் வெயில் அதன் வழியாக இறங்கியபோது தெரு முழுக்கக் குட்டிக் குட்டி வானவில் விழுந்தது. வெளிச்சம் மட்டும்தான் அப்போது அங்கே விழுந்துகொண்டிருந்தது. துணி காயவில்லை என்று மட்டும் குறைசொன்னார்கள்.

இப்படியே பழகியிருப்பார்கள், ஆடிக் கூழ் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, தெருவே பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும். விழாக் குழுத் தலைவர் மாசிலாமணி; மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், மைக் இல்லாமல் பெண்டாட்டியிடம்கூடப் பேசத் தெரியாதவர். கூழ் கரண்டியிலிருந்து இறங்காதே, என்ன செய்வது என்று குழு கூடியது. "இளவரசி வராம இருந்தா போதும்" என்றார் ஒருவர். "ஏன் வராம இருக்கணும்? காரணம் சொல்லு பார்க்கலாம்" என்றார் மாசிலாமணி. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. தெரியாத காரணத்துக்காக ஒருத்தியைக் கோயிலுக்கு வராதே என்று எப்படிச் சொல்வது? கூட்டம் கலைந்தது.

இளவரசி வந்தாள். வேண்டிக்கொள்ள அவளைவிட அதிகக் காரணம் அந்தத் தெருவில் யாருக்கு இருந்தது? பச்சைப் புடவை கட்டி, மாமியார் ஒரு பக்கமும் புருஷன் ஒரு பக்கமுமாக, கையில் எவர்சில்வர் தூக்கோடு, மெதுவாக வரிசையில் நகர்ந்து அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். கரண்டி பிடித்திருந்த ஜெகதா அக்கா கூழை மொண்டு சாய்த்தாள். கூழ் கரண்டியின் நுனிக்கு வந்து, நாக்கை நீட்டியதுபோல நின்றுகொண்டது. சாய்த்தாள், குலுக்கினாள், கவிழ்த்தாள், தட்டினாள். நாக்கு நீண்டதே தவிர விழவில்லை. பின்னால் வரிசை கோயிலைச் சுற்றி வளைந்து நின்றது. "இன்னாம்மா அங்க?" "பசிக்குதுமா!" "யாரு அது முன்னாடி அடச்சிக்கினு?" கேட்டவன் எட்டிப் பார்த்து, யாரென்று தெரிந்ததும், "ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா ஊத்துங்க" என்று பின்வாங்கினான். ஜெகதா அக்கா இளவரசியைப் பார்த்துச் சிரித்தாள், இளவரசி தரையைப் பார்த்தாள், தணிகைவேல் அம்மனைப் பார்த்தான், எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி மைக்கை எடுத்தார். ஒலிபெருக்கி கொரகொரத்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களுக்கு விழாக் குழுவின் சார்பாக ஒரு முக்கிய அறிவிப்பு! நமது தெருவில் யாருடைய இல்லத்திலும் எவ்விதமான விசேஷமும் இருப்பதாக விழாக் குழுவுக்குத் தெரியாது என்பதை மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்! அப்படி எந்த விசேஷமும் இல்லாத அந்தச் சகோதரி அவர்கள், கூழ் அண்டாவின் அருகாமையிலிருந்து சற்றே, மெதுவாக, தரை பார்த்து, கணவரின் கையைப் பிடித்து, தூக்கைக் கணவரிடமே கொடுத்துவிட்டு, மர நிழலில் போட்டிருக்கும் நாற்காலியில், அதிலும் மெத்தை போட்ட நாற்காலியில், அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்! அந்தச் சகோதரி யார் என்பதும் விழாக் குழுவுக்குத் தெரியாது! பச்சைப் புடவை!"

ஓரமாக டீ டிரம்மோடு நின்றிருந்த பாபு பாய் தாங்கமுடியாமல் கத்தினார்: "யோவ் மாசிலாமணி! தெரியாத சமாசாரத்த இவ்ளோ டீட்டெய்லாவாய்யா சொல்லுவ?"

இளவரசிக்கு உதட்டின் ஓரத்தில் முதலில் ஒரு துடிப்பு வந்தது. அடக்கினாள். ஒலிபெருக்கி மறுபடி கொரகொரத்து, "அறிவிப்பை முழுமையாகக் கேட்கவும், பாய்" என்றது. அவ்வளவுதான். மாதக்கணக்கில் பல்லுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருந்த சிரிப்பு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டி மாதிரிக் கிளம்பிற்று. வயிற்றைப் பிடிக்க மறந்து, தோளை இறுக்க மறந்து, இரண்டு கையையும் காற்றில் வீசிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஜெகதா அக்காவின் தோளில் சாய்ந்து இளவரசி சிரித்தாள், சிரித்தாள், மூச்சு வாங்கி மறுபடி சிரித்தாள்.

தூக்கு கையிலிருந்து நழுவி, டங்கென்று தரையில் விழுந்தது.

கரண்டியில் நின்ற கூழ் தொளக்கென்று விழுந்தது. கேபிள் வயர்ப் பக்கம் நின்ற பந்து விழுந்தது, முருங்கைக்காய் விழுந்தது, போன மாதம் எவனோ எவன்மீதோ வீசிய செருப்பு, குறி தப்பாமல், அவன்மீதே விழுந்தது. பட்டம், ஊக்கு, சாக்கட்டி, ஒரு பல் போன சீப்பு எல்லாம் விழுந்தன. கடைசியில், மின்கம்பி உயரத்தில் அடுக்கடுக்காகக் காத்திருந்த அத்தனை மழையும் ஒரே சமயத்தில், குளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல விழுந்தது.

நனைந்த தெரு நனைந்த இளவரசியைப் பார்த்தது. அவள் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. உருண்டு கிடந்த தூக்கைப் பார்த்தாள், கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. நவநீதத்தின் முகம் விபூதி நிறத்துக்கு வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்க ஒவ்வொரு வாயும் துடித்தது, ஆனால் தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிக் கேட்பது? ஆறுதல் சொல்லக்கூட வழியில்லாமல், ஜெகதா அக்கா தன் முந்தானையால் இளவரசியின் தலையைத் துவட்டிக்கொண்டே, "மழைடி... வெறும் மழை" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தணிகைவேல் கேன்களை இறக்கிவிட்டு, வண்டியில் மெத்தை விரித்து, அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி, வண்டியைக் கையால் தள்ளிக் கடத்திவிட்டு மறுபடி ஏறினான். ஸ்கேன் அறையில் பழைய டாக்டர் இல்லை, வயதில் சின்னவளான வேறொரு டாக்டரம்மா இருந்தாள். ஜில்லென்ற பசை. இளவரசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் சிரிச்சிட்டேன் டாக்டர்" என்றாள்.

"சிரிச்சா இன்னா?"

"எல்லாம் விழுந்துடுச்சு."

"விழட்டும். இத கேளு."

அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. தடதடதடதடவென்று, மோட்டார் மாட்டிய தையல் மெஷின், அவசரத்துக்குக் கேட்டவளின் பிளவுஸை ஒரே மூச்சில் அடித்துத் தள்ளுகிறதுபோல. இளவரசி கண்ணைத் திறந்தாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஒரு அவரைக்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று, நேற்று பந்து விழுந்ததும் பாத்திரம் விழுந்ததும் மழை விழுந்ததும் தனக்குச் சம்பந்தமில்லாத ஊர்ச் செய்தி என்பதுபோல, கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

தணிகைவேல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

"டாக்டர்" என்றாள் இளவரசி. "முன்னாடி போனது... மெஷின் மிதிச்சேனே, அதனாலயா?"

"இல்ல."

"கால்வாய தாண்டினேன்."

"அதனால இல்ல."

"பப்பாளி ஒரு துண்டு, கல்யாண வீட்ல, தெரியாம..."

"ஒரு துண்டாலயும் இல்லம்மா." டாக்டரம்மா பசையைத் துடைத்துவிட்டாள். "ஆரம்பத்துல கலையறது முக்காவாசி அந்தக் கருவே சரியா சேராததால. நீ செஞ்ச எதனாலயும் இல்ல. நீ இறுக்கிப் பிடிச்சதால இது நிக்கவும் இல்ல, சிரிச்சதால விழவும் விழாது. இன்னிக்கு நல்லா கீது. அடுத்தத அடுத்த தடவ வந்து பாரு. வராம மட்டும் இருக்காத."

திரும்பி வரும் வழியில் இளவரசி ஒரே ஒரு பொத்தானை வண்டியின் தரையில் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. அவள் யோசித்தாள். அத்தனை நாளும் தெருவைத் தாங்கிப் பிடித்தது குழந்தையில்லை, தன் பயம் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. குழந்தை பாவம், அது பாட்டுக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு அங்கே இருந்திருக்கிறது.

தெருமுனையில் வண்டி நுழைந்தபோது ஒருவர்கூட வேலையில் இல்லை, எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாசிலாமணி மின்சாரமே இல்லாத ஒயரைச் சுற்றினார். பாபு பாய் காலி கிளாஸிலிருந்து காலி கிளாஸுக்கு ஆற்றினார். நவநீதம் பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். ஜெகதா அக்கா மட்டும் இளவரசி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைக் கைவிடத் தைரியமில்லாமல், "ஊக்கு... ஒரு ஊக்கு இருந்தா..." என்றாள்.

இளவரசி வண்டியிலிருந்து இறங்கினாள். பழத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். எல்லோரும் பார்க்கும்படித் தலைக்கு மேலே தூக்கி, விட்டாள். பழம் பொத்தென்று விழுந்து உருண்டோடிக் கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. தெரு கண்ணை மூடிக்கொண்டது.

"தொறங்கக்கா கண்ண" என்றாள் இளவரசி, சிரித்துக்கொண்டே. "விழுந்தா நல்லது. நிக்கறதுதான் ஆகாது. இனிமே விழணும்னு வேண்டிக்கங்க."

ஜெகதா அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். இளவரசியின் சிரிப்பைப் பார்த்தாள். தணிகைவேலின் சிவந்த மூக்கைப் பார்த்தாள், அது அழுத மூக்கா, சந்தோஷ மூக்கா என்று கணக்குப் போட்டாள். மற்றக் கண்ணையும் திறந்தாள். "எதுக்குடி நல்லது?" என்றாள். "எனக்கு எதுவும் தெரியாதே." மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது; வழக்கம் வழக்கம்தான். சொல்லிவிட்டு, அவள் தன் வீட்டுக்குள் ஓடி, முறுக்குச் சட்டியை எடுத்து வந்து நடுத்தெருவில் தடாலென்று போட்டாள். மூலை வீட்டு அம்மாள் தாம்பாளத்தைப் போட்டாள். பாபு பாய் பார்த்துப் பார்த்து உடையாத டம்ளராகப் போட்டார். குடம், மூடி, இட்லித்தட்டு, அண்டா, பிள்ளைகள் கையில் கிடைத்ததெல்லாம் விழுந்து, தெரு அதிர்ந்தது. "நசுங்கிப் போச்சுன்னா யாரு எடுக்கறது?" என்று கத்திக்கொண்டே நவநீதமும் பூரிக்கட்டையைப் போட்டாள். ஒலிபெருக்கியில் மாசிலாமணி, தெருவில் எந்தச் சத்தமும் கேட்பதாக விழாக் குழுவுக்குத் தெரியாது என்று தெரிவித்துக்கொண்டார்.

பயம் அப்புறமும் போய்விடவில்லை, அது அப்படிப் போகிற சரக்கில்லை. சில நாள் வயிறு லேசாக இழுத்தால், தைத்துக்கொண்டிருப்பவளின் கையிலிருந்து நழுவிய பொத்தான் பாதியில் நின்று அவளைப் பார்க்கும். இளவரசியும் அதைப் பார்ப்பாள். மூச்சை விடுவாள். "சரி, போதும், எறங்கு" என்பாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கும். தெருவில் எங்கேயாவது டீ ஒரு நொடி கயிறாக நின்று பிறகு இறங்கினால், "வயித்தப் புடிச்சிருக்கும் போல" என்று பாபு பாய் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே, "சர்க்கரை தூக்கலா?" என்பார்.

மாசி மாதத்தில், பிரசவ வார்டுக்கு வெளியே தெருவே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே, விடிந்ததிலிருந்து வலி எடுத்துக் களைத்துப்போன இளவரசியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்த நர்ஸ், "தலை இன்னும் எறங்கலியே, மேலயே நின்னுக்கினு கீது" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

விழுந்துவிடாதே, விழுந்துவிடாதே என்று ஒரு முழுப் பருவத்தைக் கெஞ்சியே கழித்தவளுக்கு, அந்த வலியிலும் உதட்டோரத்தில் அந்தத் துடிப்பு வந்தது. இரண்டு கையாலும் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லா நின்ன கண்ணு" என்றாள். "போதும். எறங்கு."

வெளியே ஜெகதா அக்காவின் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் நழுவி, தரையில் விழுந்து, கதவு வரைக்கும் உருண்டது.